திங்கள் இரவைச் சனிக்கிழமையில் கழிக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில், அதாவது ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதியும் பிரிவில், 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையை விட்டு வந்தும் வேலை என்னை விடவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சம்பளச் சீட்டில் ஏதாவது விளங்காவிட்டால், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சென்ற மாதம் அப்படி வந்த ஒரு பையன் கொண்டுவந்த கணக்குதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

மணலிப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில், ஒப்பந்தக்காரர் மூலமாகப் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறான். சம்பளச் சீட்டில் ‘ஓ.டி.’ என்ற மிகுநேர ஊதியக் கட்டத்தில் சைபர் இருந்தது. ‘ராத்திரி ஒன்பது வரைக்கும் நின்னேன் சார், இதுல ஒண்ணுமே இல்லையே’ என்றான். நின்றதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து, குண்டூசியில் கோத்த ஒரு கொத்துத் தாளை எடுத்து வைத்தான். வீட்டுத் தினசரிக் காலண்டரில் நாள்தோறும் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றிலும் ராகு காலம், எமகண்டம் அச்சாகியிருக்கும் வரிக்குக் கீழே, உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் பால்பாயின்ட் பேனாவால் குறித்திருந்தான். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, அதைவிடச் சுத்தமான பதிவேட்டைப் பார்த்த நினைவில்லை.

அந்தத் தாள்களின்படி ஒரு வாரத்தைச் சொல்கிறேன். துறைமுகத்துக்கு வியாழக்கிழமைக்குள் கண்டெய்னர் போயாக வேண்டும் என்பதால், திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாளும் காலை 8 மணிக்கு உள்ளே போய் இரவு 9 மணிக்கு வெளியே வந்திருக்கிறான். சாப்பாட்டுக்கும் டீக்கும் விட்ட ஒரு மணி நேரம் போக, நாளுக்கு 12 மணி நேர வேலை. வியாழக்கிழமை வழக்கமான 8 மணி நேரம். சரக்கு போய்விட்டது, வெள்ளிக்கிழமை மதியம் 12.15-க்கு ‘கிளம்பு’ என்றார்கள். சனிக்கிழமை வர வேண்டாம் என்றார்கள். கூட்டிப் பார்த்தால் 36, 8, 4; மொத்தம் 48 மணி நேரம். ‘வாரத்துக்கு 48 மணி நேரம்தானே சட்டம்? ஒரு நிமிஷம்கூட மேலே போகலையே, எங்கிருந்து ஓ.டி. வரும்?’ என்று சூப்பர்வைசர் கேட்டாராம். பையனிடம் பதில் இல்லை. சட்டத்திடம் இருக்கிறது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 51-ஆம் பிரிவில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஒரு வேலி போட்டது. அத்தோடு நிற்காமல், 54-ஆம் பிரிவில் நாளுக்கு 9 மணி நேரம் என்று இன்னொரு வேலியும் போட்டது. மிகுநேர ஊதியத்தைப் பேசும் 59-ஆம் பிரிவு, எந்த ஒரு நாளிலும் 9 மணி நேரத்துக்கு மேல் ‘அல்லது’ எந்த ஒரு வாரத்திலும் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, அந்த மிகுநேரத்துக்குச் சாதாரண ஊதிய விகிதத்தைப் போல இரு மடங்கு தரவேண்டும் என்றது. எல்லாம் அந்த ‘அல்லது’ என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நாள் வேலியைத் தாண்டினாலே இரட்டை ஊதியம் பிறந்துவிடுகிறது. பிறகு வாரக் கணக்கு 48 ஆனாலும் 40 ஆனாலும் அது மறைந்துவிடாது. இந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் கொண்டுவரப்பட்டிருக்கும் பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு இதை இன்னும் பச்சையாகவே சொல்கிறது. அதன் 27-ஆம் பிரிவின்படி, மிகுநேரத்தை நாள் கணக்கில் பார்ப்பதா வாரக் கணக்கில் பார்ப்பதா என்பதில் எது தொழிலாளிக்குச் சாதகமோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்; அவருடைய சம்மதம் இல்லாமல் மிகுநேரம் வேலை வாங்கவும் கூடாது. பழைய சட்டத்தைப் பிடித்தாலும் புதிய தொகுப்பைப் பிடித்தாலும், அந்தச் சூப்பர்வைசரின் கேள்விக்கு விடை ஒன்றே.

இந்த இரண்டு வேலிகளும் ஏதோ எழுதும்போது தற்செயலாக விழுந்தவை அல்ல. 1922-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தில் நாளுக்கு 11, வாரத்துக்கு 60 மணி நேரம் என்று இருந்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளுக்கு அதை 10 என்றும் 54 என்றும் குறைத்தது. 1946-இல் 9 என்றும் 48 என்றும் ஆயிற்று. வார எல்லை இறங்கிய ஒவ்வொரு முறையும் நாள் எல்லையும் கூடவே இறங்கியிருக்கிறது. நேரம் கேட்டுப் போராடுவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, சங்கத்தின் தலைவரான பி.பி. வாடியாவிடம் அவர்கள் கொண்டுபோன குறைகளில் முதன்மையானது, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதுதான். வாரக் கடைசியில் அதைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்குப் பசி அடங்கியிருக்குமா?

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் பங்கை மறைப்பது நியாயமாகாது. நான் வேலை பார்த்த இடத்தில் முதலில் கார்டு பஞ்ச் செய்யும் கடிகாரம் இருந்தது. காலையில் தாமதமாக வந்தால் நேரத்தைச் சிவப்பு மையில் அடிக்கும். இரவு தாமதமாகப் போனால் சாதாரண நீல மைதான். அந்த இயந்திரத்தை யார் சொல்லி யாருக்காகச் செய்தார்கள் என்பது அதிலேயே தெரியும். மாதக் கடைசியில் கார்டுகளை மஸ்டரில் ஏற்றும்போது, ஓ.டி. மணிகளை முதலில் பென்சிலில்தான் எழுதுவேன். மேலாளர் பார்த்து, ‘இதை அட்ஜஸ்ட் பண்ணிடுங்க’ என்பார். வேலை குறைந்த நாளாகப் பார்த்து அந்த மணிகளை அங்கே நகர்த்தி, ரப்பரால் அழித்து, எல்லா நாளும் எட்டு எட்டாக வரும்படி பேனாவால் எழுதி முடிப்பேன். ஆய்வுக்கு வருகிறவர் அந்தப் பேனா எழுத்தைத்தான் பார்ப்பார். தொழிலாளிக்கு அரை நாள் ஓய்வு கிடைத்ததே, முதலாளிக்குச் செலவு மிச்சமாயிற்றே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நஷ்டம் எவ்வளவு என்பதை அந்தப் பையனின் கணக்கை வைத்தே காட்டிவிடலாம். அவனுக்கு மாதம் 18,200 ரூபாய். 26 வேலை நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 700, மணிக்கு 87 ரூபாய் 50 காசு. பழைய சட்டத்தின் நாள் எல்லையான 9 மணி நேரத்துக்கு மேல் மூன்று நாளில் அவன் உழைத்தது நாளுக்கு 3 வீதம் 9 மணி நேரம். இரட்டை விகிதத்தில் அதற்கு 1,575 ரூபாய். வெள்ளி, சனியில் 12 மணி நேரம் வேலை வாங்காமலே சம்பளம் கொடுத்திருக்கிறோமே என்று நிறுவனம் வாதாடலாம். சரி, அந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஒற்றை விகிதம் தீர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரட்டையில் மறுபாதி, 787 ரூபாய் 50 காசு, பாக்கி நிற்கிறது. ஒரு வாரத்துக்கு, ஓர் ஆளுக்கு. அந்தப் பேக்கிங் பிரிவில் நாற்பது பேர் என்றான். மாதத்தில் இரண்டு வாரமாவது இப்படி நடக்கும் என்றான். பெருக்கிப் பார்த்தால் மாதம் 63,000 ரூபாய். ஒன்றரை நாள் ஓய்வு கொடுத்ததாகச் சொல்லி நிறுவனத்தின் பெட்டியிலேயே தங்கிவிடும் பணம் இது.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். கொடுத்த மணியும் எடுத்த மணியும் ஒன்றுதானா? இரவு 9 மணிக்கு வெளியே வந்தால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்று, அதில் இடம் பிடித்து, பிறகு உள்தெருவில் நடந்து வீடு சேர்வதற்குள் பிள்ளை தூங்கிப் போயிருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் வெயிலில் வீட்டுக்கு வந்தால் அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். பெண் தொழிலாளர்களின் பாடு இதைவிடக் கஷ்டம். மூன்று இரவு பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு, சனிக்கிழமை லீவைக் காட்டிக் கணக்குத் தீர்க்க முடியுமா? ஷெட்டிலேயே தங்கி வேலை செய்யும் வடமாநில இளைஞர்களுக்கோ ஓய்வு என்று விட்ட அரை நாளும் அதே ஷெட்டில்தான் கழிகிறது. பதினோராவது மணியிலும் பன்னிரண்டாவது மணியிலும் கை அசந்து, பிளேடு விரலில் ஏறுவதை டைம் ஆபீஸ் ஜன்னல் வழியே பலமுறை பார்த்திருக்கிறேன்; முதலுதவிப் பெட்டி எங்கள் அறையில்தான் இருந்தது. நாளுக்கென்று தனி எல்லை வைத்ததன் காரணம் அந்தப் பெட்டியைத் திறந்தவர்களுக்குத் தெரியும்.

முதலாளிகள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களுக்கு உதிரி வேலை செய்யும் சிறு கூடங்களுக்கு ஆர்டர் சீராக வருவதில்லை. திங்களன்று தலைக்கு மேல் வேலை, வெள்ளியன்று சும்மா உட்கார வேண்டிய நிலை. கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரமான கட்-ஆஃபைத் தவறவிட்டால் வரும் செலவு எனக்கும் தெரியும். ஆகவே மிகுநேரம் வராதபடி வேலையை முன்கூட்டியே திட்டமிடுவதில் ஒரு தவறும் இல்லை. வேலை நேர அறிவிப்பை முறைப்படி மாற்றி ஒட்டி, பாதிப் பேரைக் காலையிலும் பாதிப் பேரை மதியத்திலும் வரச் சொன்னால், யாருக்கும் நாள் எல்லை மீறாமலே இரவு 9 மணி வரை இயந்திரம் ஓடும். அது நிர்வாகத் திறமை. ஆனால் ஓ.டி. வராமல் பார்த்துக்கொள்வது வேறு, வாங்கி முடித்த ஓ.டி.யைப் பின்னால் வேறு நாளில் கழித்து அழிப்பது வேறு. உழைப்பு முடிந்த அந்த இரவே இரட்டை ஊதியம் கடனாக நின்றுவிடுகிறது. கடன் வாங்கியவரே அதை எந்த நாணயத்தில் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானிக்க முடியாது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம், ஈட்டு விடுமுறையைக் குறிக்க ‘காம்ப் ஆஃப்’ என்று எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். ஈட்டு விடுமுறை என்பதைச் சட்டமே அறியும். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் அது இருந்தது. ஆனால் அது எதற்கு? விலக்கு ஆணையின் பேரில் வார விடுமுறை நாளில் வேலை வாங்கப்பட்டவருக்கு, இழந்த விடுமுறையை அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ கொடுக்க வேண்டும் என்பதற்கு. நாளுக்கு நாள் ஈடு, அவ்வளவுதான். மிகுநேர ஊதியத்துக்குப் பதிலாக ஓய்வு கொடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து அழைத்து, மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் படித்த பிள்ளைகளே இரண்டும் ஒன்று என்று நம்பிவிட்டார்கள்.

அமெரிக்காவிலேயே இப்படி வாரக் கணக்கில்தானே கழிக்கிறார்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அங்கே 1938-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், வாரத்துக்கு 40 மணி நேரத்தை மட்டுமே அளவுகோலாக வைத்து ஒன்றரை மடங்கு தரச் சொல்கிறது. ஆகையால் அந்தச் சட்டத்தின் கீழ், அதே வாரத்துக்குள் வெள்ளிக்கிழமை சீக்கிரம் அனுப்பி 40-க்குள் நிறுத்திக்கொள்வது முறையானதே. ஆனால் அதே நாட்டின் கலிபோர்னியாவில், மாநிலச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம் தாண்டினாலே ஒன்றரை மடங்கு, 12 மணி நேரம் தாண்டினால் இரு மடங்கு. நம்முடையது நாளையும் வாரத்தையும் சேர்த்துப் பார்க்கும் சட்டம். அந்த நாட்டு அளவுகோலைக் கொண்டுவந்து மணலியில் அளக்கக் கூடாது.

கடைகளிலும் இதே கதைதான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் தீபாவளிக்கு முன் எந்த நேரம் வரை விளக்கு எரியும் என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘சீசன் முடியட்டும், ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வா’ என்பதுதான் அங்கே பல இடங்களில் ஓ.டி.க்கு ஈடு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் மிகுநேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் என்றுதான் சொல்கிறது. நாலு நாள் ஊர்ப் பயணம் என்று சொல்லவில்லை.

நாள் எல்லையைத் தளர்த்தும் முயற்சிகள் வெளிப்படையாக வந்தபோது தடுக்கப்பட்டதும் உண்டு. கொரோனாக் காலத்தில் குஜராத் அரசு, தொழிற்சாலைகளுக்கு வேலை நேர வரம்பிலிருந்தும் இரட்டை ஊதியத்திலிருந்தும் விலக்கு அளித்துப் பிறப்பித்த அறிவிக்கைகளை 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் காலத்துக்கான மிகுநேர ஊதியத்தை 59-ஆம் பிரிவின்படி கொடுக்கவும் உத்தரவிட்டது. நம் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய, 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த திருத்த மசோதா, எழுந்த எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சராலேயே திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அன்று பட்டாசு வெடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அரசு திரும்பப் பெற்றதை, பேக்கிங் பிரிவின் சுவரில் வேலை நேரம் எழுதி வாரந்தோறும் ஒட்டப்படும் ஒரு ஏ4 தாள் சத்தமில்லாமல் நடைமுறைப்படுத்திக்கொண்டிருக்கிறது.

அதனால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள், அச்சடித்துக் கட்டி வைத்திருக்கும் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். இப்போது பல வாசல்களில் விரல் ரேகை இயந்திரம் இருக்கிறது. அதில் பென்சிலும் கிடையாது, ரப்பரும் கிடையாது. உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் வைத்தது வைத்தபடி இருக்கும். பின்னால் சம்பள மென்பொருளில் வாரக் கூட்டலாக மாறும்போதுதான் ஓ.டி. காணாமல் போகிறது. இயந்திரத்தின் மூலப் பதிவை நாள்வாரியாகக் கேட்டு, சம்பளச் சீட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். 31 ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவன் சொல்கிறேன். ஒப்பந்தக்காரரைக் கைகாட்டிவிட்டு, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை நிறுவனம் ஒதுங்கவும் இடம் தரக் கூடாது. ஒப்பந்தக்காரர் கொடுக்காத ஊதியத்தைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதலே உள்ள விதி.

தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் இருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைத்துக் கொடுக்கப்பட்ட ஊதியத்தை மூன்று ஆண்டுகளுக்குள் கோரலாம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல்தான் விழும். அதற்காகக் கையில் ஒன்றுமில்லாமல் போய் நிற்க வேண்டாம். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் அன்றன்றைக்கே எதிலாவது எழுதி வையுங்கள்.

அந்தப் பையனுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட யோசிக்கிறான். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரமாம். காலண்டர் தாள்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
திருவொற்றியூர், சென்னை – 19.